இலையின் வெளுப்பு தெரிகிறது... இமையின் வெளுப்பு தெரிகிறதா?

பயிருக்குச் சத்து குறைந்தால் இலை சொல்லும். மனிதருக்குக் குறைந்தால் இமை, நகம், நாக்கு, முடி, உயரம் என்று உடம்பே சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதும், சரிசெய்வதற்கான வழியைச் சொந்த நிலத்திலேயே கண்டுகொள்வதும் ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் அவசியம்.

சுண்ணாம்பு கலந்த நிலத்தில் நிலக்கடலை போடும் விவசாயிக்கு இது பழகிய காட்சி. விதைத்து ஒரு மாதம் ஆகும்போது கொழுந்து இலைகள் மஞ்சளாக வெளுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். கவனிக்காமல் விட்டால் இலை முழுவதும் காகிதம் போல வெளுத்துவிடும். கடலை சாகுபடியில் பழகியவர் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவார், "இரும்புச் சத்து பத்தலை" என்று. மறுநாளே அன்னபேதி உப்பு வாங்கி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் என்று கரைத்துத் தெளித்துவிடுவார். பத்து நாளில் இலை பச்சை கட்டும்.

அதே விவசாயி சாயங்காலம் வீடு திரும்புகிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருக்கிறாள். "படிப்பு அலுப்பு" என்கிறார் அம்மா. "முன்னைக்கு இப்ப பிள்ளை நிறம் கூடியிருக்கு" என்று சந்தோஷப்படுகிறார் பாட்டி.

அது நிறம் கூடியதல்ல. ரத்தம் குறைந்ததால் வந்த வெளுப்பு. வயலில் ஒரே பார்வையில் பிடிபடுகிற அதே இரும்புச் சத்துக் குறைவு வீட்டுக்குள் அழகு என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறது.

இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட 5ஆவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இது 57.4 சதவிகிதம். அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல்.

மண்ணில் இருந்தும் செடிக்கு ஏறாத இரும்பு

கடலை வெளுத்த நிலத்து மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒரு வேடிக்கை தெரியும். பெரும்பாலான மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், சுண்ணாம்பு அதிகமாகி, கார அமில நிலை 8ஐத் தாண்டும்போது அந்த இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. வேருக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் செடியால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

மனிதக் குடலிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. கீரை, தானியம், பயறு ஆகியவற்றில் உள்ள இரும்பு அப்படியே ரத்தத்தில் ஏறிவிடாது. தானியத்தின் தவிட்டிலும் பயறு வகைகளிலும் பைட்டிக் அமிலம் என்ற பொருள் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருளும் அப்படித்தான். சாப்பாட்டோடு சேர்த்தோ, சாப்பிட்ட கையோடோ ஒரு டம்ளர் டீ குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைத்திருக்க வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காலையில் கூழ் குடித்ததும் டீ, மதியம் சோறு சாப்பிட்டதும் டீ என்று பழகிய வீடுகளில், கீரை சமைத்தும் பலன் தெரியாததற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மாற்று வழியும் வயலிலேயே இருக்கிறது. அன்னபேதி உப்புக் கரைசலோடு கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்துத் தெளிக்கும் வழக்கம் உண்டு. இரும்பு துருவாக மாறாமல், கரைந்த நிலையிலேயே இலைக்குள் போக அது உதவுகிறது. சாப்பாட்டில் அந்த வேலையை எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை செய்கின்றன. இவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்பைக் கரையும் நிலையில் வைத்துக் குடலில் ஏற்றிவிடுகிறது. கீரைப் பொரியலில் இறக்கியபின் பிழியும் அரை மூடி எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல, கீரையின் இரும்பை உடம்பில் சேர்ப்பதற்கும்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரையில் இருப்பதும் அன்னபேதி என்கிற ஃபெரஸ் சல்பேட்தான். மருந்துக்கென்று சுத்திகரிக்கப்பட்டு, அளவோடு தயாரிக்கப்பட்டது என்பது மட்டுமே வித்தியாசம். (உரக்கடையில் வாங்கும் அன்னபேதியை எக்காரணம் கொண்டும் வாயில் வைக்கக் கூடாது. அதில் வேறு கலப்புகள் இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.)

எங்கே பார்க்க வேண்டும்?

மாநிறமோ கறுப்போ, தோல் எந்த நிறமாக இருந்தாலும் சில இடங்கள் பொய் சொல்லாது.

கீழ் இமையின் உட்புறம்: விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியோ வெள்ளையாகவோ இருந்தால் ரத்தசோகைக்கான அறிகுறி.

உள்ளங்கை ரேகை: கையை விரித்து நீட்டும்போது ரேகைகளும் வெளுத்திருந்தால் குறைவு அதிகம் என்று பொருள்.

நகம்: ஆரோக்கியமான நகம் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். நீண்ட நாள் இரும்புக் குறைவில் அது தட்டையாகி, பிறகு கரண்டி போலக் குழிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குழியில் நிற்கும்.

நாக்கு, உதட்டோரம்: நாக்கு வழவழவென்று ஆகி எரிச்சல் இருந்தால், உதட்டின் இரண்டு ஓரங்களும் வெடித்துப் புண்ணாக இருந்தால், இரும்போடு பி வகை வைட்டமின்களும் குறைந்திருக்கலாம்.

கண்ணின் வெள்ளை விழி: கருவிழிக்குப் பக்கத்தில் நுரை போலச் சாம்பல் நிறத் திட்டு தெரிந்தால், குழந்தை பொழுது சாய்ந்ததும் தட்டுத்தடுமாறினால், வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண். இதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. பார்வையே போய்விடும்.

பச்சரிசி, மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி தின்னும் ஆசையும் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். அப்படிச் செய்யும் பிள்ளையைத் திட்டி, அடித்துப் பயனில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்ப்பார்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழேயும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழேயும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழேயும் போனால் ரத்தசோகை.

இலையைப் பார்த்து யூகித்தாலும் மண் பரிசோதனைதான் முடிவு சொல்லும் என்பதுபோல, இமை எச்சரிக்கும். ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதும் இல்லை. கொக்கிப்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு, வயிற்றுப் புண், பரம்பரை ரத்தக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ரத்தசோகை இருந்தால், உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

கொக்கிப்புழு விவசாயக் குடும்பங்களுக்கு நெருக்கமான விஷயம். திறந்தவெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால், அந்தப் புழு பாதத்தோல் வழியாகவே உடம்புக்குள் போய், குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். வேரில் நூற்புழு இருக்கும்போது உரத்தை மட்டும் கொட்டினால் பயிர் தேறாது. அதுபோல, புழுவை வைத்துக்கொண்டு எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ரத்தம் ஏறாது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் அல்பெண்டசோல் குடற்புழு நீக்க மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கினார்களா என்று பெற்றோர் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குன்னூரில் எலிகள் சொன்ன பாடம்

சாப்பாடு உடம்பின் தோற்றத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு நீலகிரி மாவட்டம் குன்னூரில் நடந்த ஓர் ஆராய்ச்சி நல்ல சாட்சி. அங்கே 1918இல் சர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான், பின்னாளில் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

மெக்காரிசன் 1920களில் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரே மாதிரியான எலிக்குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, அவ்வப்போது இறைச்சி என்று பஞ்சாப் சீக்கியர்களின் உணவைச் சாப்பிட்ட எலிகள் சராசரியாக 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. தீட்டிய அரிசி அதிகம், பால் மிகக் குறைவு என்ற அன்றைய சென்னை மாகாண உணவைச் சாப்பிட்ட எலிகள் 155 கிராமோடு நின்றுவிட்டன. உணவு மட்டும்தான் மாறியது. உருவத்தில் கிடைத்த வித்தியாசம் 80 கிராம்.

எலியும் மனிதரும் ஒன்றல்ல. அரிசி கெட்ட தானியம் என்பதும் இதற்குப் பொருளல்ல. தீட்டிய அரிசியை மலையாகக் குவித்து, அதைச் சுற்றிப் பருப்பு, பால், கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைப் பொட்டளவு வைக்கும் தட்டுதான் பிரச்னை. அந்தத் தட்டு இன்னும் பல வீடுகளில் மாறவில்லை.

வளர்ச்சி நின்றுபோன ஈரான் கிராமத்து இளைஞர்கள்

நெல்லில் துத்தநாகக் குறைவு வந்தால் பயிர் குட்டையாகி, இலையில் துரு நிறப் புள்ளிகள் விழும். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடும் வழக்கம் இதனால்தான் வந்தது. மனிதருக்கும் துத்தநாகம் தேவை என்பது வெளிச்சத்துக்கு வந்த கதையும் ஒரு விவசாயப் பகுதியில்தான் தொடங்குகிறது.

பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1958 வாக்கில் ஈரான் நாட்டின் ஷிராஸ் நகரில் பணியாற்றினார். அவரிடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்ப்பதற்குப் பத்து வயதுப் பையன் போல இருந்தார். மீசை அரும்பவில்லை. பருவ மாற்றம் எதுவும் தெரியவில்லை. தோல் சொரசொரப்பாக இருந்தது. கடுமையான ரத்தசோகையும் இருந்தது. சுற்றுப்புறக் கிராமங்களில் இன்னும் பலர் இப்படியே இருந்தார்கள். அவர்களுடைய உணவு புளிக்கவைக்காத முழுக் கோதுமை ரொட்டி. இறைச்சி, பால் அபூர்வம். மண் தின்னும் பழக்கமும் இருந்தது.

மாவில் இருந்த பைட்டிக் அமிலம் இரும்போடு துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டது என்று பிரசாத் கருதினார். பிறகு எகிப்தில் இதேபோன்ற இளைஞர்களிடம் ஆராய்ந்தபோது, துத்தநாகக் குறைவு உறுதியானது. துத்தநாகம் கொடுத்ததும் அவர்கள் உயர்ந்து வளர்ந்தார்கள். பருவ மாற்றங்களும் வந்தன. அதுவரை பரம்பரைக் குட்டை என்று நினைத்திருந்தது, தட்டில் வந்த குறை என்று தெரிந்தது.

இதில் தமிழ்நாட்டுச் சமையலுக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. இட்லி, தோசை மாவைப் புளிக்கவைப்பது, கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி வைத்துக் கூழ் காய்ச்சுவது, பயறை ஊறவைத்து முளைகட்டுவது ஆகிய எல்லாமே பைட்டிக் அமிலத்தைக் குறைக்கும் வேலைகள்.

உயரத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மையே. நல்ல விதைதான் நல்ல விளைச்சலின் எல்லையைத் தீர்மானிக்கிறது. அந்த எல்லையைத் தொடுமா என்பது தண்ணீரும் உரமும் சொல்லும். தாயின் வயிற்றில் இருக்கும் மாதங்களும் பிறந்த முதல் இரண்டு வருடங்களும்தான் குழந்தைக்கு அடியுரக் காலம். அப்போது விட்டதைப் பிறகு மேலுரமாகப் போட்டு முழுதாக ஈடுகட்ட முடியாது. தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

முடி எழுதி வைக்கும் கணக்கு

மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரியும். நல்ல மழை பெய்த வருடம் அகலமாக, வறண்ட வருடம் குறுகலாக இருக்கும். முடியும் இப்படி ஒரு கணக்கேடு. மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. கடுமையான புரதக் குறைவுள்ள குழந்தையின் முடி கருமை இழந்து செம்பட்டையாகும். லேசாக இழுத்தாலே கையோடு வரும். சாப்பாடு கிடைத்த மாதங்களில் கறுப்பு, கிடைக்காத மாதங்களில் செம்பட்டை என்று ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரிவதும் உண்டு.

இந்த நோய்க்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் குவாஷியார்கர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டு மக்கள் பேசும் கா மொழிச் சொல் அது. அடுத்த குழந்தை வந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930களில் அந்தச் சொல்லை மருத்துவ ஏடுகளுக்குக் கொண்டுவந்தார். தமிழ்க் கிராமங்களுக்கு இது புதிதே அல்ல. அம்மா மறுபடி கருத்தரித்ததால் தாய்ப்பால் இழந்து நோஞ்சானான பிள்ளையைச் 'சவலைப் பிள்ளை' என்று பாட்டிமார் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சவலைக்கு மருந்தும் அவர்களுக்குத் தெரியும். பருப்பு, நெய், முட்டை, பால், கடலை என்று பிள்ளையின் கிண்ணத்தைத் தனியாகக் கவனிப்பதுதான் அது. கால் வீங்கி, பிள்ளை சோர்ந்து கிடந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிறம் மாறுமா?

பிறப்பில் வந்த தோல் நிறத்தை எந்த உணவும் மாற்றாது. கர்ப்பிணி குங்குமப்பூப் பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஒரு கிராம் குங்குமப்பூவுக்குக் கொடுக்கும் காசில் பல நாளைக்கு முட்டையும் கொய்யாவும் வாங்கலாம். அதைவிட, இலவசமாகக் கிடைக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குவது தாய், சேய் இருவரின் உயிரையும் காக்கும். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடும் என்று பயந்து அதைப் புடைவைத் தலைப்பில் முடிந்துவைத்துத் தூர எறிபவர்களும் உண்டு. உடம்பு எடுத்துக்கொள்ளாத மிச்ச இரும்புதான் மலத்தைக் கறுப்பாக்குகிறது. குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உணவால் வரும் நிறம் ஒன்று உண்டு. கீரையும் புல்லும் மேயும் நாட்டுக்கோழியின் முட்டைக் கரு ஆரஞ்சாக இருப்பது அந்தத் தீனியில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால். தினமும் ஏராளமாகக் கேரட், பப்பாளி சாப்பிடுபவரின் உள்ளங்கையும் மஞ்சளாகலாம். அது காமாலை அல்ல; கண் வெள்ளையாகவே இருக்கும். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும்.

சத்து சேரச் சேரத் தோல் மினுமினுக்கும், உதடு வெடிப்பு மாறும், முடி உதிர்வது குறையும், முகத்தில் களை வரும். கிரீம் டப்பாவில் தேடும் அழகில் பெரும்பங்கு இதுதான்.

சொந்த நிலத்துத் தட்டு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆணுக்கு 19 மில்லிகிராம். 300 கிராம் தீட்டிய அரிசியில் கிடைப்பது சுமார் 2 மில்லிகிராம்தான். 100 கிராம் கம்பில் சுமார் 6, கேழ்வரகில் சுமார் 4.5, கொள்ளில் 8க்கு மேல், எள்ளில் 13க்கு மேல் இருக்கிறது. ஆட்டு ஈரல், மீன், கருவாடு ஆகியவற்றில் உள்ள இரும்பு, கீரையின் இரும்பைவிடச் சுலபமாக உடம்பில் ஏறும்.

இவற்றில் பெரும்பாலானவை விவசாயி வீட்டிலேயே விளைபவை. ஆனால், பால் சங்கத்துக்குப் போகிறது. முட்டை கடைக்குப் போகிறது. கீரை விடியற்காலை பஸ்ஸில் சந்தைக்குப் போகிறது. விளைவித்த வீட்டில் மிஞ்சுவது அரிசியும் ரசமும். அதிலும் வீட்டுப் பெண்கள் கடைசியாக உட்கார்ந்து அடிச்சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள். விதைக்கென்று நெல்லை ஒதுக்காமல் எந்த விவசாயியும் மொத்தத்தையும் விற்பதில்லை. வீட்டுக்கென்று அப்படி ஒதுக்கினால் போதும்.

ஒரு சென்ட் இடம், அதாவது சுமார் 40 சதுர மீட்டர் இருந்தால், ஓரத்தில் செடிமுருங்கை இரண்டு, பப்பாளி இரண்டு, கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை தலா ஒன்று வைக்கலாம். மரங்களைக் கவாத்து செய்து உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். நடுவில் நாலைந்து சிறு பாத்திகள் போட்டு, வாரத்துக்கு ஒரு பாத்தியாகக் கீரை விதைக்க வேண்டும். முழு இடத்துக்கும் விதைத்தாலே 10 கிராம் கீரை விதை போதும். மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பப்பாளிக்குத் திருப்பிவிடலாம். கீரைப் பாத்திக்கு மட்டும் நல்ல தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வரப்பில் துவரையும் தட்டைப்பயறும் ஊன்றினால் பருப்புக்கும் ஆச்சு.

சமையலில் கவனிக்க வேண்டியவை நான்கு. கீரையை ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தாளிக்க வேண்டும். எண்ணெய் இல்லாமல் வைட்டமின் ஏ உடம்பில் சேராது. இறக்கியபின் எலுமிச்சை பிழிய வேண்டும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கறிவேப்பிலையை ஒதுக்காமல் மென்று சாப்பிட வேண்டும்.

ரத்தசோகை உறுதியானவர்களுக்கு உணவு மட்டும் போதாது. மருத்துவர் சொன்ன மாத்திரையும் வேண்டும். கடலை இலை பத்து நாளில் பச்சை கட்டும். இமை சிவக்க இரண்டு மாதமாவது ஆகும். அதன் பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். குழிந்த நகம் முழுதாக மாறி வளர ஆறு மாதம் பிடிக்கும். நடுவில் விட்டுவிட்டால் மறுபடி பழைய கதைதான்.

அடிக்கடி எழும் கேள்விகள்

*பீட்ரூட், மாதுளை சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?*

இரண்டும் நல்ல உணவுதான். ஆனால், சிவப்பாக இருப்பதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதே காசுக்குக் கொள்ளும் எள்ளும் வாங்கினால் பல மடங்கு கிடைக்கும்.

*நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் கால்சியம் குறைவா?*

பெரும்பாலும் இல்லை. நகத்தின் அடியில் எப்போதோ பட்ட சிறு அடியின் தழும்புதான். நகம் வளர வளர மேலே போய் மறைந்துவிடும்.

*ரேஷன் அரிசியில் பளபளப்பாக, வேறு மாதிரி சில அரிசிகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் அரிசியா?*

அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து அச்சில் வார்த்த செறிவூட்டப்பட்ட அரிசி. 100 அரிசிக்கு 1 என்ற கணக்கில் கலக்கிறார்கள். தண்ணீரில் மிதக்கிறது என்று பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

*பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள் விழுகின்றன. சரியாகத் தேய்க்காததாலா?*

தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளில் இதற்கு முக்கியக் காரணம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள ஃபுளோரைடு. பல் உருவாகும் சின்ன வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை பல்லிலேயே பதிந்துவிடும், தேய்த்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் குடிக்க ஏற்றதல்ல. காய்ச்சினாலும் குறையாது. தண்ணீரைப் பரிசோதித்து, அதிகமிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீரையோ மழை நீரையோ பயன்படுத்த வேண்டும்.

*இளநரைக்குக் கறிவேப்பிலை தீர்வாகுமா?*

இளநரை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சிலருக்கு வைட்டமின் பி12 குறைவாலும் வரும். அது கறிவேப்பிலையில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் இருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் பாலையும் தயிரையும் விட்டுவிடக் கூடாது.

கறவை மாட்டின் ரோமம் மினுமினுப்பு குறைந்தால் தாது உப்புக் கலவை வாங்கி வைக்கும் கை, கடலை வெளுத்தால் அன்னபேதி கரைக்கும் கை, இன்று சாயங்காலம் ஒரு நிமிடம் பிள்ளைகளின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கட்டும். வீட்டுப் பெண்களின் இமையையும் பார்க்கட்டும். வெளுத்திருந்தால் நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு, அதன் பிறகு வயலுக்குப் போகலாம்.